ஒரே வார்டு வேலை, வேறு வேறு சம்பளம்: நர்ஸ்களின் கதை

[திரையில்: இரவு 2 மணி. டிரிப் பாட்டிலுக்குக் கீழே கைக்கடிகாரம் கட்டிய ஒரு கை.]

வணக்கம். இந்தக் கையைக் கொஞ்சம் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார் ஒரு நர்ஸ். அரசு மருத்துவமனையிலும் இதே வேலைதான், தனியாரிலும் இதே வேலைதான். சம்பளம் மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது?

முதலில் அரசுப் பக்கம் போவோம். புதுச்சேரி ஜிப்மர் மத்திய அரசு மருத்துவ நிறுவனம். அங்கே நிரந்தரப் பணியில் சேரும் நர்ஸுக்கு, ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய்.

[திரையில்: சம்பளச் சீட்டு வரி வரியாகத் தோன்றுகிறது.]

அதன் மேல் அகவிலைப்படி. 2025 ஜூலை கணக்கில் 58 சதவீதம், அதாவது 26,042 ரூபாய். இந்த இரண்டு வரியைக் கூட்டினாலே 70,942. வீட்டு வாடகைப்படி, நர்சிங் படி எல்லாம் தனி. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி திருத்தப்படும், ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வும் உண்டு. சம்பளத்தை ஏற்றிக் கொடுங்கள் என்று யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை.

சரி, தனியார்? சின்ன ஊர் மருத்துவமனைகளில் புதிதாகச் சேருபவர் பத்து, பன்னிரண்டாயிரத்தில் தொடங்குவது சாதாரணம். அதிலும் ஹாஸ்டல், சாப்பாடு என்று பிடித்தம் போகும். சில இடங்களில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், இத்தனை நாள் இங்கேயே வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் காலம் முடியும்வரை நகர முடியாது. வளைகுடாவுக்குப் போக அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதற்காகவே பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இது நிர்வாகத்துக்கும் நன்றாகத் தெரியும்.

[திரையில்: மருத்துவமனை பில். ஒரு வரியைச் சுற்றி வட்டம்.]

உங்கள் வீட்டில் யாராவது தனியாரில் படுத்து எழுந்திருந்தால் அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். பல பில்களில் ‘நர்சிங் சார்ஜ்’ என்று நாள் கணக்கில் ஒரு வரி இருக்கும். நம்மிடம் அந்தப் பேரில் பணம் வாங்குகிறார்கள். வாங்குபவர்கள் நர்ஸுக்கு நியாயமான சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளத்தைப் பற்றி ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் மாதம் குறைந்தது 20,000 என்று அந்தக் குழு சொன்னது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. மாநிலங்கள்தான் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். கேரளத்தில் நர்ஸ்கள் தெருவில் இறங்கினார்கள். 2018 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சம் 20,000 என்று அரசே அறிவித்தது.

சிறப்பு மருத்துவர்கள் விஷயத்தில் கதை தலைகீழ், தனியாரில்தான் அதிகம். மேல்தட்டில் தனியார் தாராளம், கீழே வர வரக் கை சுருங்குகிறது.

இப்போது முக்கியமான இடம். அரசு வேலை என்றாலே நல்ல சம்பளமா? இல்லை. தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்ந்த நர்ஸ்களுக்கு மாதத் தொகுப்பூதியம், அதாவது தனிப் படிகள் இல்லாத மொத்தச் சம்பளம், 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். பிறகு 14,000 ஆனது, அப்புறம் 18,000.

[திரையில்: ஒரே சீருடையில் இரண்டு நர்ஸ்கள், ஒரே கேஸ் ஷீட்டில் குனிந்தபடி.]

ஆகவே கோடு அரசுக்கும் தனியாருக்கும் நடுவில் மட்டும் இல்லை. நிரந்தரப் பணியிடத்துக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவிலும் ஓடுகிறது, ஒரே வார்டுக்குள்ளேயே. 2016 அக்டோபரில், பஞ்சாப் தற்காலிக ஊழியர்கள் வழக்கில், ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜிப்மர் நர்ஸ் வாங்குவதைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கும் அதே அளவுகோலை வையுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.