பழைய விண்டோவை மூடாதீர்கள்

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது கடற்கரைப் பக்கம் போகிற ரயில்.

பலர் பாவிக்கிற ஒரு சேவரைப் பொறுப்பெடுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் இந்த வீடியோ. அந்தச் சேவருக்கு வெளியே நாமே பூட்டுப்பட்டுப் போகாமல் இருப்பது எப்படி என்று சொல்கிறேன்.

போன வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் நிலையத்தின் உபுண்டு லினக்ஸ் சேவரை வீட்டிலிருந்தபடியே கவனித்து வந்தேன். என் கணக்கை, டொக்கர் என்ற மென்பொருளைப் பாவிக்க விடும் டொக்கர் குழுவில் சேர்க்க வேண்டியிருந்தது. கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டேன். அதோடு சின்ன ஏ சேர்ந்தால், இருக்கிற குழுக்களோடு இதையும் சேர் என்று அர்த்தம். இல்லையென்றால் இது மட்டும் போதும், மற்றதெல்லாவற்றிலிருந்தும் ஆளை எடுத்துவிடு என்று அர்த்தம். சூடோ குழுவும், அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை அடிக்க விடும் குழுவும், அதில் போய்விட்டது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கட்டளை அடிக்க ஏற்கனவே திறந்திருந்த விண்டோவில் சூடோ அப்போதும் வேலை செய்தது. குழு விபரம் லொகின் ஆகும்போதே எடுக்கப்பட்டுவிடும். பிறகு மாற்றினாலும் அந்த விண்டோவுக்குத் தெரியாது. அதிலேயே ஒரு வரியில் திருத்தியிருக்கலாம். நான் எக்ஸிட் அடித்துவிட்டு மறுபடி நுழைந்தேன். சூடோ இல்லை. உபுண்டுவில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் போட்டிருக்காது. வேறு நிர்வாகக் கணக்கும் இல்லை.

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து ஓட்டோ. மொனிட்டரும் கீபோர்டும் செருகி, சேவர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில், பழுது திருத்தும் ரிகவரி மோடுக்குப் போனேன். அதற்கு சேவரை நிறுத்த வேண்டியிருந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பயிற்சியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அது இன்னமும் என் மனதைக் குத்துகிறது.

அன்றிலிருந்து அனுமதி, லொகின், ஃபயர்வோல் எதைத் தொட்டாலும் பழைய விண்டோவை மூடுவதில்லை. இன்னொரு விண்டோவில் புதிதாக நுழைந்து, சூடோவும் அடித்துப் பார்த்த பிறகுதான் மூடுவேன். தூரத்திலிருந்து நுழைய விடும் எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றினால், ரீலோட் செய்ய முதல் எஸ்எஸ்எச்டி மைனஸ் டி (sshd -t) அடித்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

யாருக்கு சூடோ என்று எழுதியிருக்கும் சூடோயர்ஸ் கோப்பை வெறும் எடிட்டரில் திறக்கவே வேண்டாம். ஒரு எழுத்துப் பிழை போதும், எல்லோருக்கும் சூடோ நின்றுவிடும். அந்தக் கோப்பைத் திருத்தவென்றே உள்ள விசூடோ கட்டளை பிழையைப் பிடித்து "வாட் நவ்" என்று கேட்கும். சின்ன ஈ அடித்தால் திருத்தப் போகலாம். பெரிய கியூ அடித்தால் பிழையோடேயே சேமித்துவிடும், கவனம்.

ஃபயர்வோல்தான் எனக்குப் பெரிய பயம். உபுண்டுவின் ஃபயர்வோலான யூஎஃப்டபிள்யூவை இயக்கினால் உள்ளே வருவதெல்லாம் தடைதான், அதனால் முதலில் எஸ்எஸ்எச் வழக்கமாக வருகிற 22ஆம் போர்ட்டைத் திறந்துவிடுங்கள். அதற்கும் முதல், ரூட்டாக, குறித்த நேரத்தில் வேலையைச் செய்யும் அட் கட்டளையில், 5 நிமிடத்தில் ஃபயர்வோலை நிறுத்து என்று ஒரு வேலை வைத்துவிடுங்கள். உள்ளே நுழைய முடிந்தால் அந்த வேலையை நீக்கிவிடலாம். முடியாவிட்டால் ஒரு பிளேன்டீ குடித்து வரும் நேரத்தில் கதவு தானாகத் திறந்திருக்கும்.

இப்போது அந்த நிலையத்தில் இரண்டாவது நிர்வாகக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதன் கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி, பொறுப்பாசிரியரின் அலுமாரியில் வைத்திருக்கிறோம்.