காசிமேட்டுச் சினையும் ஒரு சொறி மீனும்

சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே, சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிறேன், ஒரு பக்கம் ஏலம், பின்னால் ஐஸ் உடைக்கிறார்கள். இதோ கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். மீன் வெட்டும் அக்கா இப்போதுதான் இந்த மடவையின் வயிற்றைக் கீறினார், உள்ளே மஞ்சளாக இரண்டு பை. சினை. விரலால் தேய்த்தால் மணல் மாதிரி நரநரக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு முட்டை.

பள்ளியில் நமக்கு என்ன சொன்னார்கள்? விந்தணுக்கள் பந்தயம் ஓடும், முட்டை சும்மா உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்தக் கதை அப்போதே பிடிக்காது.

கடல் முள்ளெலி தெரியும்தானே, முள் உருண்டையாகப் பாறையில் ஒட்டியிருக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனியாகத் தண்ணீரில் கொட்டிவிடும். அவ்வளவு தண்ணீரில் விந்தணு எங்கே போய்த் தேடும், அதற்குக் கண்ணா காதா? அதனால் முட்டைதான் கூப்பிடுகிறது. அட்லாண்டிக் கரையில் வாழும் ஆர்பேசியா என்ற இனத்தில் அந்த அழைப்புக்கு ரீசாக்ட் என்று பெயர், 14 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துணுக்கு, அவ்வளவுதான். முட்டையைச் சுற்றியுள்ள கொழகொழப்பிலிருந்து கசிந்து பரவும். அதில் ஒரே ஒரு மூலக்கூறு வாலில் பட்டாலே விந்தணு உணர்ந்துவிடும். வாலுக்குள் கால்சியம் புகும், திசை மாறும். தண்டையார்பேட்டைத் தெருவில் யாரோ கருவாடு வறுத்தால் எந்த வீடென்று நடந்துகொண்டே கண்டுபிடிப்போமே, இந்தப் பக்கம் வாசனை தூக்கல், அந்தப் பக்கம் கம்மி என்று, அதே கணக்குதான்.

சரி, ஒருவர் வந்து சேர்ந்தாச்சு. உடனே கதவடைப்பு! சில விநாடிகளுக்குள் முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் மைனஸ் 70 மில்லிவோல்ட்டிலிருந்து பிளஸ் 20 பக்கம் ஏறிவிடும், அடுத்தவர் ஒட்ட முடியாது. அது தற்காலிகத் தாழ்ப்பாள். அதற்குள் முட்டையின் உள்ளேயே சேர்த்துவைத்த கால்சியம் அலையாகக் கிளம்பி, ஒரு நிமிடத்துக்குள் சுற்றிலும் தடித்த உறை எழும்பிவிடும்.

இந்த அலையை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வலையில் சிக்கினால் நம் அண்ணன்கள் திட்டித் தூக்கிப் போடுவார்களே, சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், அதன் இனத்தில் ஒன்று ஒளிவிடும். ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா அதைக் கசக்கிச் சாறு எடுத்துப் பார்த்து, வெறுத்துப்போய்த் தொட்டியில் ஊற்ற, கடல்நீர் பட்டு நீலமாகப் பளீரென்று எரிந்திருக்கிறது. காரணம் கடல்நீரில் இருந்த கால்சியம். 1962இல் வெளிவந்த அந்தப் புரதம் அக்வோரின். அதையே மெடகா என்ற ஜப்பானிய மீனின் முட்டைக்குள் செலுத்தினார்கள். மீன் முட்டை ஓட்டில் விந்தணு நுழைய ஒரு பொடித் துளைதான் இருக்கும். அந்தத் துளைப் பக்கம் வெளிச்சம் தொடங்கி மறுமுனை வரை வளையமாக நகர்ந்ததை 1978இல் படமே பிடித்துவிட்டார்கள்.

என்னக்கா? ஆமாம், சினையைத் தனியாகவே கட்டுங்கள், வறுக்கத்தான்.