வழக்கில் பெயர் இல்லாதவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச வக்கீல் இருக்கிறார். எதிர்த்தரப்புக்கு அரசு வழக்கறிஞர் இருக்கிறார். நீதிமன்ற வராந்தாவில் மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? வக்கீல் தொழிலில் நெடுநாள் இருந்தவன் நான். நானும் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். "வாய்தா போட்டாச்சும்மா, அடுத்த மாசம் வாங்க" என்று நடந்துகொண்டே சொல்லியிருக்கிறேன்.

குற்றம் நிரூபணமாகும் வரை ஒருவர் நிரபராதி என்பது சட்டம். ஆனால் அந்த விதி அவர் வீட்டு வாசற்படி ஏறுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குக் கைதான அன்று சாயங்காலமே தண்டனை தொடங்கிவிடுகிறது. அதை யாரும் தீர்ப்பாக எழுதவில்லை, அதனால் மேல்முறையீடும் கிடையாது.

கோவலன் கதை நமக்குத் தெரியும். கண்ணகி நீதி கேட்டாள், மதுரை எரிந்தது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அப்புறம் என்ன ஆயிற்று? அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் விழுந்து செத்தாள். கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் உயிர் விட்டார்கள். இரண்டு தகப்பன்மார்களும் செல்வத்தைத் துறந்து துறவிகளானார்கள். ஒரு சிலம்பு, ஒரு பொய்க் குற்றச்சாட்டு, இத்தனை பேர்!

இங்கிலாந்தின் பழைய சட்டம் இதை ஒளித்துக்கூட வைக்கவில்லை. ராஜத்துரோகம் செய்தவனின் 'இரத்தமே கெட்டுவிட்டது' என்று சொல்லிப் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையை மறுத்தது. குற்றவாளியின் உடைமையைப் பறிமுதல் செய்யும் வழக்கம் அங்கே 1870இல்தான் ஒழிந்தது. சட்டம் கைவிட்டதை அக்கம்பக்கம் எடுத்து நடத்துகிறது. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்ற ஒரு கேள்வி போதும்.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது பிரான்ஸில் நடந்த ஒன்று. 1894 அக்டோபர் 15 அன்று ராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ், உளவு பார்த்ததாகக் கைது செய்யப்பட்டார். விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்து சோதனை போட்டுவிட்டு, மனைவி லூசியிடம் வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். கணவரின் அண்ணனிடம்கூடச் சொல்லக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல், இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு இருந்தார். பிள்ளைகளிடம் அப்பா நீண்ட பயணம் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தார்கள். டெவில்ஸ் தீவு என்ற சிறைத் தீவுக்குக் கணவரை அனுப்பியபோது கூடப் போய் இருக்க லூசி அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

அண்ணன் மத்தியூ என்ன செய்தார் தெரியுமா? உலகம் தம்பியை மறந்துகொண்டே வருகிறதே என்று, 1896இல் அவர் தப்பிவிட்டதாக ஒரு பொய்ச் செய்தியை லண்டன் பத்திரிகை ஒன்றில் வரவைத்தார். பேச்சு மறுபடி கிளம்பியது உண்மைதான். ஆனால் தீவில் தம்பியை இரவுகளில் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டுவிட்டார்கள். குடும்பத்தின் நிலை இதுதான். சும்மா இருந்தாலும் குற்ற உணர்ச்சி, எதையாவது செய்தாலும் குற்ற உணர்ச்சி. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 1906இல். பன்னிரண்டு ஆண்டுகள்!

இதெல்லாம் பெரிய கதை. சின்னதாக ஒன்று சொல்கிறேன். கைதின்போது முதலில் வாங்கி வைத்துக்கொள்வது கைப்பேசியை. வீட்டின் வங்கிக் கணக்கு அந்த எண்ணில் இருக்கும். மனைவி பணம் அனுப்பப் பார்ப்பார், ஓடிபி போய்ச் சேருவது காவல் நிலைய அலமாரிக்குள். வக்கீலுக்கு முன்பணம் கேட்கிற அதே நாளில் இது நடக்கும்.

இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது, அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அவர் உண்மையிலேயே செய்திருக்கலாம். வீட்டில் இருப்பவருக்கும் அது தெரியாது. பகலில் "என் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஊருக்குச் சொல்கிற பெண், ராத்திரி தூங்காமல் பழைய நாட்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். அன்றைக்கு ஏன் லேட்டாக வந்தார்? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சந்தேகப்பட்டால் துரோகி, நம்பினால் உடந்தை. பாதிக்கப்பட்டவரும் அதே வீட்டில் இருந்துவிட்டால், அந்தக் குடும்பம் யார் பக்கம் உட்காருவது? எனக்கும் பதில் தெரியாது.

குழந்தைகளைப் பற்றிச் சட்டம் நன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. பெற்றோர் செய்த காரியத்துக்காகக் குழந்தையைத் தண்டிக்கவோ ஒதுக்கவோ கூடாது என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. அப்பாவையோ அம்மாவையோ காவலில் வைத்தால், எங்கே இருக்கிறார் என்ற விவரத்தை, கேட்டால் குடும்பத்துக்கு அரசு சொல்ல வேண்டும். சிறைக்குப் போகிறவர் உடனே வீட்டுக்குத் தகவல் சொல்லும் உரிமை 2015ஆம் ஆண்டின் நெல்சன் மண்டேலா விதிகளில் இருக்கிறது. சரி, எழுதியாயிற்று. "உங்கப்பன் ஜெயில்லதானே இருக்கான்?" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்கும்போது எந்த விதி வரும்?

'வெளியூர் போயிருக்கார்' என்ற பொய்யை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் அதைக் கருணை என்று நினைக்கிறார்கள். அந்தப் பொய் மற்ற குழந்தைகளின் வாயால் உடையும்போது பிள்ளை இரண்டு பேரை இழக்கிறது: அப்பாவை, பொய் சொன்ன அம்மாவை. வயதுக்கேற்ற சொல்லில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்பதுதான் நான் குடும்பங்களிடம் சொல்வது.

விடுதலை ஆனால்? கைது முதல் பக்கத்தில் வந்திருக்கும், விடுதலை உள்பக்கத்தில் ஒரு மூலையில். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் மகன் விடுதலையானான். தீர்ப்பு நகலை வாங்கிக் கொடுத்தேன். மறுபடி பார்த்தபோது அதன் கடைசிப் பக்கத்தை லேமினேட் செய்து அதே பையில் வைத்திருந்தார். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதும், மகளுக்கு வரன் பேசப் போகும்போதும் எடுத்துப் போவாராம். யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டேன்.

"எங்கய்யா, கேட்டாத்தானே காட்டுறதுக்கு" என்றார்.