ரெண்டு மணிக்கொருக்க

நடுவர் அண்ணாச்சிக்கும், கோயில் கொடைக்கு வந்திருக்கிற பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். அன்பும் விசுவாசமும் தெரியுறது பெரிய தியாகத்திலா, அன்றாடச் சின்ன வேலையிலா? நான் சின்ன வேலைக்காகப் பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணாச்சி, 1901-ல நம்ம களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்கு வந்து, கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்த அயர்லாந்துக்கார ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சொன்னாங்க. பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்ல, அதுதான் தியாகம்னாங்க. உண்மைதான், மறுக்கல. ஆனா 1931-ல அந்த அம்மா விழுந்து கால் ஒடிஞ்சுது. 1951-ல கண் மூடுற வரைக்கும் பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். அந்த இருபது வருஷமும் பக்கத்துல இருந்து கவனிச்சவங்க பேரு இந்தப் பந்தல்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பாக்கிறதுன்னா என்ன வேலைன்னு சொல்லுதேன். சுயமாப் புரள முடியாதவங்களை ரெண்டு மணிக்கொருக்க திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா எலும்பு அழுத்துற இடத்துல ரத்த ஓட்டம் நின்னு தோல் அழுகிப்போகும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், இந்த மூணும்தான் முதல்ல போகும். கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, தோல் உராஞ்சு பிஞ்சிரும். அடியில மடிச்ச வேட்டியைப் போட்டு, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு தூக்கித்தான் நகர்த்தணும். முழுசா ஒருக்களிச்சுப் படுக்கவைக்காம, முதுகுக்குத் தலையணை கொடுத்து லேசாச் சாய்ச்சாப் போதும். கெண்டைக்காலுக்கு ஒரு தலையணை, குதிகால் அந்தரத்துல நிக்கணும். விரிப்புல ஒரு சுருக்கம் இருக்கப்படாது.

கஞ்சி கொடுக்கையில நிமித்தி உக்கார வைக்கணும். அரைக் கரண்டி கொடுத்து, தொண்டை ஏறி இறங்குறதைப் பாத்துட்டுத்தான் அடுத்தது. குரல் கரகரன்னு ஈரமாக் கேட்டா உடனே நிறுத்தணும், கஞ்சி மூச்சுக்குழல் பக்கம் போகுதுன்னு அர்த்தம். குடிச்சு முடிச்சும் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. அவசரப்பட்டா நுரையீரல்ல சளிக்காய்ச்சல் வந்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்.

இதெல்லாம் வெறும் பழக்கம், அன்பு இல்லாமலும் செய்யலாம்னு எதிரணித் தங்கச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. பழக்கத்துல செய்யுற கை திருப்பிப் போடும், ஆனா குதிகாலைப் பாக்காது. அக்கறை உள்ளவங்க ஒவ்வொரு தடவையும் சிவந்த இடத்தை விரலால அழுத்திப் பாப்பாங்க. சிவப்பு வெளுத்துத் திரும்பினாச் சரி. வெளுக்கலைன்னா புண்ணு உள்ளே தொடங்கிட்டு. நம்ம கருத்த தோல்ல சிவப்பு சட்டுன்னு தெரியாது. அதனால சூடு இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாக்கணும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது, உள்ளே இன்னும் நொறுங்கும். இத்தனையும் சாமத்துலயும் தூக்கக் கலக்கத்துல பாக்கிறாங்களே, அதை வெறும் பழக்கம்னு சொல்ல எனக்கு மனசு வரல அண்ணாச்சி.

பெரிய தியாகத்துக்கு ஊரே சாட்சி நிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு யார் நிப்பா? வலியைச் சொல்லக்கூட நாக்கு எழாத ஒரு கிழவி மட்டும்தான். அவளுக்காக ஒருத்தி எந்திரிக்கிறா, மறுநாளும் எந்திரிக்கிறா.

பந்தல்ல இருக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உங்க தெருவுல அப்படி ஒரு வீடு இருந்தா, ஒரு ராத்திரி அந்த ரெண்டு மணித் திருப்பலை நீங்க ஏத்துக்கோங்க. பன்னெண்டுக்குப் படுத்த அந்த வீட்டு மருமக, நாலு மணி வரைக்கும் சேந்தாப்ல தூங்குவா.

வணக்கம்.