ஒரு நோயாளியும் பல அலுவலகங்களும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் ஒருவர் புற்றுநோயாலோ பக்கவாதத்தாலோ படுத்த படுக்கையாகிவிட்டால் என்னென்ன தேவைப்படும் என்பதை உங்களில் பலர் பட்டறிந்திருப்பீர்கள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட ஆள் வேண்டும். சம்பாதித்தவரே படுத்துவிட்டால் அரிசிக்கு வழி வேண்டும். இரவில் அவர் வலியால் துடிக்கும்போது மார்ஃபின் மாத்திரை வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தின் பொறுப்பு, நோயாளியோ ஒருவர்தான். இத்தகைய சிக்கலை, ஒன்றுக்கொன்று மேலதிகாரியாக இல்லாத பல அமைப்புகள் சேர்ந்து கையாளும் முறையை வலையமைப்பு ஆளுகை என்கிறோம். வகுப்பில் இதற்கு எடுத்துக்காட்டாக நான் சொல்லிவந்தது கேரளத்தின் நோய்த்தணிப்புப் பணியை, அதாவது கடுநோயாளியின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பணியை.

முதலில் மார்ஃபினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்; அதைச் சொல்லாமல் நான் இந்தப் பேச்சைத் தொடங்கியதே இல்லை. மார்ஃபின் அபினிலிருந்து கிடைப்பது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் அபின் எடுக்கும் கசகசாச் செடியைப் பயிரிடுகிறார்கள். அந்த அபின் வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்கும் ஏற்றுமதியாகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், உள்நாட்டில் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் ஆயத்தீர்வைத் துறையிடம் ஓர் உரிமம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இன்னொன்று என்று பலவற்றைப் பெற வேண்டியிருந்ததோடு, அவை அனைத்தும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டியும் இருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். கவனியுங்கள், எந்த அலுவலகத்திலும் யாரும் விதியை மீறவில்லை. எல்லாரும் தத்தம் கடமையைச் சரியாகவே செய்தார்கள். நோயாளி மட்டும் வலியோடு கிடந்தார். 1998-இல் நடுவண் அரசு மாநிலங்களுக்கு எளிய மாதிரி விதிகளை அனுப்பியது. முதலில் ஏற்ற மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. சட்டமே திருத்தப்பட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துறைகள் பல இருப்பதால் மட்டும் அவை வலையமைப்பு ஆகிவிடுவதில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி வலையமைப்பைப் பார்ப்போம். 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு நோய்த்தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களே மிகுதி என்று தெரிந்ததும், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மலப்புறம் மாவட்டத்தை முன்னணியாகக் கொண்டு, அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவிக்கும் முறை பரவியது. தன்னார்வலரிடம் கேட்கப்பட்டது வாரத்துக்கு இரண்டு மணி நேரந்தான். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள அரசிடம் எந்தப் படிவமும் கிடையாது.

2008-இல் கேரள அரசு நோய்த்தணிப்புக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. ஊராட்சி தன் திட்ட நிதியிலிருந்து ஒரு செவிலியரை அமர்த்தும். ஆரம்ப சுகாதார நிலையம் மேற்பார்வையிடும். செவிலியரோடு ஊரின் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரும் தன்னார்வலரும் வீட்டுக்குச் செல்வார்கள். என் கருத்தில் இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை அந்தச் செவிலியர்தான். எல்லாருடைய பொறுப்பும் சந்திக்கும் இடத்தில், சம்பளம் பெற்று நிற்கும் ஒருவர் இருக்கிறார். அவர் இல்லையென்றால் எல்லாரும் எல்லாரையும் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள்.

நேரம் முடிவதாகக் குறிப்புக் காட்டுகிறார்கள்; ஆகவே கணக்குக் கேட்பதைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன். ஊராட்சியின் செலவை அரசுத் தணிக்கையாளர் பார்க்கிறார். சங்கத்தின் செலவை நன்கொடை தந்தவர்கள் பார்க்கிறார்கள். ஒரே வீட்டுக்கு ஊராட்சியின் குழுவும் சங்கத்தின் குழுவும் சென்று, அடுத்த தெருவில் ஒரு வீடு விடுபட்டுப்போனால், அதை எந்தக் கணக்கும் காட்டாது. இருவரின் நோயாளிப் பதிவேட்டையும் ஒன்றாக்கி, மாதந்தோறும் ஊராட்சியில் சேர்ந்து சரிபார்ப்பதே இதற்கு நான் காணும் வழி. வணக்கம்.