கன்று திரும்பி வந்ததா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொசுக்கடியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வன்முறையால் பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் செய்வது குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனையா, நீதிமன்றம் வாங்கித்தரும் இழப்பீடா? தண்டனையே என்று முழங்கிய எதிரணித் தலைவர், சாட்சிக்கு மனுநீதிச் சோழனை அழைத்து வந்தார். மகன்மேல் தேரை ஏற்றிய மன்னன் பசுவுக்குப் பணமா கொடுத்தான் என்று கேட்டார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

ஆனால் ஐயா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! தேர் ஏறியதோடு திருவாரூர்க் கதை முடியவில்லை. சிவபெருமான் வந்து கன்றை எழுப்பித் தருகிறார். மகன் செத்ததால் பசுவுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. கன்று எழுந்த பிறகுதான் கதை முடிகிறது. நம் ஊர் நீதிமன்றங்களுக்குச் சிவபெருமான் வருவதில்லை. ஆகவே சட்டத்தில் ஒரு பிரிவு வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அக்கா. கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. யாரோ இரண்டு பேரின் சண்டையை விலக்கப் போனவருக்கு வலது மணிக்கட்டில் வெட்டு. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கையால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தூக்க முடியவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. வெட்டியவனுக்கு ஏழு வருஷம் தண்டனை. தீர்ப்பு வந்த அன்று தெருவே சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் எடுத்த ரசீது, மருந்துக் கடை பில், மூன்று அடகுச் சீட்டு, எல்லாம் அதற்குள். வக்கீலிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி: "அவன் உள்ளே போயிட்டான் சார், சரி. இந்த வட்டியை யாரு கட்டுறது?"

எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அபராதத் தொகையிலிருந்து இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவிலேயே இருந்தது. ஆனால் வெட்டியவனிடம் கட்டியிருக்கும் லுங்கியைத் தவிர வேறு சொத்து இல்லையென்றால்? அதற்காகத்தான் 357ஏ வந்தது, 2009 டிசம்பர் 31 முதல். இன்று புதிய சட்டத்தில் அதுவே 396ஆம் பிரிவு. மாநில அரசு ஒரு நிதி வைத்திருக்க வேண்டும். நீதிமன்றம் பரிந்துரைத்தால், இலவசச் சட்ட உதவிக்கென்று மாவட்டந்தோறும் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு எவ்வளவு என்று முடிவு செய்யும். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் ஆணைக்குழுவிடம் நேரே மனுக் கொடுக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையானாலும் விசாரணை நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். ஆள் சிக்கினால்தான் தண்டனை. சாட்சி பிறழ்ந்தால் அதுவும் போச்சு. ஆள் சிக்காத வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா?

டெல்லியில் 2005இல் பள்ளி மாணவியாக இருந்தபோது ஆசிட் வீச்சுக்கு ஆளானவர் லட்சுமி அகர்வால். அவர் தொடுத்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது: ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதில் 1 லட்சம், சம்பவம் அரசின் கவனத்துக்கு வந்த 15 நாளுக்குள். எந்த ஊர் தண்டனை 15 நாளில் வரும், சொல்லுங்கள்! வெந்த முகத்துக்கு அடுத்த அறுவைச் சிகிச்சை, மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்குமா? 3 லட்சம் போதாது என்பீர்கள். போதாதுதான். 2018இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் பெண்களுக்கென வகுத்த திட்டத்தில் முகம் சிதைந்தவர்களுக்கு 7 முதல் 8 லட்சம் என்று உயர்த்தினார்கள். அதுவும் போதாது என்றால், கூட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம், வாருங்கள்.

"பணக்காரன் வெட்டிவிட்டுக் காசை வீசிவிட்டுப் போய்விடுவான்" என்று தங்கை ஒருவர் பயமுறுத்தினார். பயம் நியாயமானதுதான் தங்கச்சி. ஆனால் இது தண்டனைக்குப் பதில் வாங்கும் காசு அல்ல, தண்டனைக்கு மேல் கொடுப்பது என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. சிறைக் கதவைத் திறந்துவிடுங்கள் என்று எங்கள் அணியில் யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் ஓட்டை இல்லையா? இருக்கிறது. கீழ் நீதிமன்றங்கள் இழப்பீட்டுப் பிரிவை மறந்தே போகின்றன என்று 2013இல் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டு, ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு தரலாமா என்று கட்டாயம் யோசித்தாக வேண்டும் என்றது. கொடுத்தால் ஏன், கொடுக்காவிட்டால் ஏன் என்று காரணமும் எழுத வேண்டும். இந்தப் பிரிவு தெரியாமலே எத்தனை மஞ்சள் பைகள் பரண்மேல் கிடக்கின்றனவோ!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அந்த அக்கா கதையை மட்டும் முடித்துவிடுகிறேன். வக்கீல் எழுதித் தந்த மனுவோடு ஆணைக்குழுவுக்கு நடையாக நடந்தார். பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். வந்த அன்றே அடகுக் கடைக்குப் போனார். மூன்று சீட்டில் இரண்டைத்தான் மீட்க முடிந்தது. ஒன்று கம்மல், இன்னொன்று கடையின் மாவு அரைக்கும் கிரைண்டர். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அது ஓடும் சத்தத்தில் எங்கள் தெருவே விழித்தது.

நன்றி, வணக்கம்.