பிடிச்ச வருமான வரி தானா திரும்பி வராது

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் எந்த வீட்ட எடுத்தாலும் ஒருத்தராவது துபாய்லயோ கத்தார்லயோ இருப்பாங்க, அவங்களுக்கும் அவங்களுக்காக இங்க பேங்குக்கு அலையுற அப்பா அம்மாமாருக்கும் சேர்த்துத்தான் பேசுதேன்.

என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டுல இருக்கவங்க இந்தியாவுல வர்ற வருமானத்த போட்டு வைக்கிற கணக்கு, அதுல உள்ள டெபாசிட் வட்டியில பேங்க் பிடிக்கிற வரி, வரி மேல போடுற செஸ்ஸோட சேர்த்து 31.2 சதவீதமாக்கும். ஒரு லட்சம் வட்டின்னா 31,200 ரூபா போயாச்சு. வெளிநாட்டு சம்பாத்தியத்த அனுப்பிப் போடுற என்ஆர்இ கணக்கு வட்டிக்கு இந்தத் தொல்லை இல்ல, அது வேற கதை. ஆனா ஊர்ல வேற வருமானமே இல்லாதவருக்கு 2025-26 நிதியாண்டு கணக்குப்படி புது வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரி கிடையாது, அப்போ பிடிச்சது முழுசும் அவரு காசுதான். தானா வராது கேட்டியளா, வருமான வரி ரிட்டன் போட்டாத்தான் வரும், "வருமானமே கம்மி, எனக்கு எதுக்கு ரிட்டன்"னு சும்மா இருக்கவங்கதான் இதுல காச விடுறது. வெளிநாட்டுல இருக்கவங்களுக்கு ரிட்டன் ஃபாரம்ல ஐடிஆர் 1 ஆகாது, வட்டி வருமானம் மட்டும்னா ஐடிஆர் 2.

போட்ட பிறகும் மாட்டுறது எங்கன்னா, பேர்ல. பாஸ்புக்ல அப்பா பேரு ஒத்த இனிஷியலா நிக்கும், பான் கார்டுல அதே அப்பா பேரு முழுசா நீண்டு கிடக்கும். வருமான வரி போர்ட்டல்ல பேங்க் கணக்க வேலிடேட் பண்ணாம ரீஃபண்ட் வராது, பேரு ஒத்துப்போகலன்னா அங்கயே ஃபெயில். லீவுல வாறப்போ கல்யாணம், காதுகுத்துன்னு ஓடுறதுக்கு நடுவுல ஒரு நாள் பேங்க்ல போயி இத சரி பண்ணிருங்க, பழைய சேவிங்ஸ் கணக்க இன்னும் என்ஆர்ஓவா மாத்தலன்னா அதையும் சேர்த்து.

பிறகு, போட்ட ரிட்டன வெரிஃபை பண்ணணும், அதுக்கான ஆதார் ஓடிபி ஊர் சிம்முக்குத்தான் போகும், அது ரீசார்ஜ் இல்லாம எந்த அலமாரியில கிடக்குதோ. நெட் பேங்கிங் இருந்தா அது வழியா வெரிஃபை பண்ணலாம், ரிட்டன் போட்ட 30 நாளுக்குள்ள பண்ணிரணும்.

இடம் விக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும், பத்து சென்ட் வித்தாலும் வாங்குறவரு பெரும்பாலும் லாபத்துல இல்ல, மொத்த விலையிலயே வரி பிடிச்சிருவாரு. கிரயத்துக்கு முன்னாடியே வருமான வரித்துறையில குறைஞ்ச வரி பிடிச்சா போதும்ங்கிற சர்டிபிகேட்டுக்கு எழுதிப்போட்டு வாங்கி அவருகிட்ட குடுத்துட்டா, ரீஃபண்டுக்குன்னு காத்துக் கிடக்க வேண்டிய தொகையே குறைஞ்சிரும்.